மறுத்துப் பேசியவருக்கும் ஒரு வரி



எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கம் குறித்து 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெற்றதை அறிவீர்கள். வேலையை எண்ணி ஆதரித்தோரும், சாம்பலை எண்ணி எதிர்த்தோரும் நம் பள்ளியில் ஒரே ஸஃப்பில் நிற்பவர்களே. அத்தகைய கூட்டத்தில் எழும் எல்லாக் கருத்துகளும் சுருக்கி எழுதப்பட்டு, முடிவில் மக்கள் மொழியில் சபை முன் வாசிக்கப்பட வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கை. எந்த அளவுக்கு நடக்கிறதோ, விதி நல்ல விதி.

நம் பொதுக்குழுவில் அதுவும் இல்லை. பள்ளிவாசல் கடைகளின் வாடகை உயர்வை எதிர்த்த பெரியவரை, சென்ற ஆண்டு நாமே உட்காரச் செய்தோம். மினிட்ஸ் புத்தகத்தில் அவர் பேச்சு ஒரு வரியும் இல்லை. இன்று இரு கடைகள் பூட்டிக் கிடக்கின்றன.

புதிய வாடகைத் தீர்மானத்தை வாசிக்குமுன், அவரையே முதலில் பேச அழைக்கிறோம்.