கல்யாண வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

(ஆலயத் திருமண மண்டபத்தில் பெற்றோர்களுக்காக நடைபெற்ற கலந்துரையாடலில், நிர்வாகக் குழு உறுப்பினரும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)



மண்டபப் பதிவுப் புத்தகம் சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருந்து வருகிறது. தேதி கேட்டு வருகிற பெற்றோர் இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள். "சார், திருமண ஏற்பாட்டாளர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளலாமா, நாமே செய்துவிடலாமா?" ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கே கல்யாணம் என்றால் லயமே கூடிவிடும். பந்தல் போட இளவட்டங்கள், தேங்காய் துருவப் பத்துப் பெண்கள், பெரிய அண்டாவை இரவல் வாங்கிவர ஒருவர். அடுத்த மாதம் அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் போய் நிற்போம். கூலி அதுதான். அந்த நினைப்பில் 2012இல் மூத்த மகளின் திருமணத்தை நானே நடத்துவேன் என்று பிடிவாதமாக நின்றேன். நாற்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் கட்டி மேய்த்தவனுக்குக் கல்யாணமா பெரிது!

ஆனால் லயம் கலைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. உறவினர் எல்லாரும் காலையில் விருந்தினராகத்தான் வந்தார்கள். முகூர்த்தம் 9.00 முதல் 9.30. எட்டரைக்குச் சமையல்காரர் வந்து, வாழையிலை வரவில்லை என்றார். காரை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினேன். திரும்பும் வழியில் நெரிசல். கைப்பேசியோ மனைவியின் பையில். முகூர்த்தம் தப்பிவிடக் கூடாதே என்று என் தம்பி நின்று கன்னிகாதானம் செய்து வைத்தான். நான் இலைக்கட்டோடு வந்தபோது கெட்டிமேளம் ஓய்ந்து, அட்சதை தரையில் கிடந்தது. மகள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த ஆல்பத்தை நான் இன்றும் முழுவதுமாகப் பார்த்ததில்லை.

இளைய மகளுக்கு ஏற்பாட்டாளரை வைத்தேன். இலை வந்தது, பந்தி ஒழுங்காக நடந்தது. ஆனால் அந்தத் தம்பி, சடங்குக்கு நாற்பது நிமிடம் என்று அட்டவணை போட்டுக் குருக்களிடமே நீட்டிவிட்டார்! புகைப்படக்காரருக்காகத் தாலியை ஒரு நொடி நிறுத்திப் பிடிக்க வேண்டுமாம். முதல் நாளே குறுக்கிட்டு மாற்றினேன். ஆகவே அலங்காரம், வாகனம், பந்தி, ஒலிபெருக்கி இவற்றைத் தாராளமாக ஒப்படையுங்கள். முகூர்த்த நேரம், சடங்கின் நீளம், எந்த மாமன் எந்த முறைக்கு நிற்பது, யார் வீட்டுக்கு நேரில் தாம்பூலம் கொண்டு போவது ஆகியவை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. நம் நாட்டில் தாலி கட்டுவதோடு சட்டப்படி திருமணம் முடிவதில்லை. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவு கட்டாயம். முன்னறிவிப்புக் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும். ஒரு குடும்பம் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு வந்து, "கையெழுத்து எங்கே போடுவது?" என்று கேட்டது. ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார் என்று அவர்களும், பெற்றோர் முடித்திருப்பார்கள் என்று அவரும் இருந்துவிட்டார்கள்.

பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் எவ்வளவு, தேதி மாறினால் எவ்வளவு திரும்பும், அன்றைக்கு யார் நேரில் நிற்பார், எல்லாம் அதில் இருக்கட்டும். பேசியபடி செய்யாவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை முறையிடலாம். காகிதம் இல்லாமல் போனால் அங்கே என்னத்தைக் காட்டுவீர்கள்?

மண்டபப் பதிவுப் படிவத்தில் நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'முகூர்த்த நேரத்தில் வெளி வேலைகளைக் கவனிப்பவர் பெயர்.' ஏற்பாட்டாளர் பெயரை எழுதலாம், சித்தப்பா பெயரையும் எழுதலாம். பெண்ணின் அப்பா தம் பெயரையே எழுதினால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை, மறுநாள் வேறு பெயரோடு வருகிறார்கள்.