சிறுநீரகம் மாற்றிய சத்திரவைத்தியர்



அறிஞர் வாழ்க்கையை மேடையில் எடுத்துரைப்போர் அவர்தம் வெற்றிகளையே அடுக்கிச் சொல்லுதல் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டவரோ தம் தோல்வியை மறையாது எழுதிவைத்தவர். பிரான்சு தேசத்துச் சிறுநீரகச் சத்திரவைத்தியர் றெனே குஸ் என்பார் அவர். பிறந்தது 1913 இல்.

1951 இலே பாரிஸ் நகரில் குஸ் முதலிய சத்திரவைத்தியர் சிலர், சிறுநீரகம் பழுதுற்று இறக்குந் தறுவாயிலிருந்த நோயாளருக்கு இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்திப் பார்த்தனர். சிரச்சேதத் தண்டனை பெற்று இறந்தோரின் உடல்களிலிருந்தும் அவை எடுக்கப்பட்டன. இதனைப் படித்தபோது எமக்கு மெய் கூசியது. நோக்கம் உயிர்காத்தலே யாயினும், ஒருவனுடைய தண்டனையில் மற்றொருவனுக்கு மருந்து தேடுதலை எம் நெஞ்சம் இன்றும் ஒப்பவில்லை.

ஆயினும் அவர் கண்ட முறை பெரிது. அக்காலத்தில் வேறு சிலர் புதிய சிறுநீரகத்தைத் தொடையிலே பொருத்தினர். குஸ் அதனை அடிவயிற்றின் ஒரு பக்கத்தே, இடுப்பெலும்பின் உட்குழியில், குடலை மூடிய சவ்வைத் திறவாமல் வைத்தார். இணைப்பதற்கு வேண்டிய பெரிய நாடியும் நாளமும் அங்கே அருகில் உண்டு. சிறுநீர்ப்பையும் பக்கத்திலேயே இருப்பதால் சிறுநீர்க்குழாய் நீளவேண்டியதில்லை.

வேலை செவ்வனே முடிந்தும் நோயாளர் பிழைக்கவில்லை. குற்றம் தையலில் அன்று. தனதல்லாததை உடல் அறிந்து அழித்துவிடுகின்றது. 1952 முடிவில், அந்நகரத்து நெக்கர் வைத்தியசாலையில் வேறொரு குழுவினர், பதினாறு வயது மகன் ஒருவனுக்குப் பெற்ற தாயின் சிறுநீரகத்தையே பொருத்தினர். மூன்று கிழமை வேலை செய்து அதுவும் நின்றது. கண்ணப்ப நாயனார் கண்ணை இடந்து அப்பிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குத் தாய் கொடுத்தது விந்தையன்று. அவள் கொடுத்ததையும் மகன் உடல் ஏற்க மறுத்ததே விந்தை!

இத்தோல்விகளுக்கிடையே குஸ் என்ன செய்தார்? இன்றைய அறிவு நிலையில் ஒரே கருவிலுதித்த இரட்டையரிடையே மட்டுமே இம்மாற்றம் நியாயமாகும் என்று 1951 இலேயே எழுதினார். தம் கையிலுள்ள கத்திக்குத் தாமே எல்லை வகுத்தல் எளிதோ? அவர் சொன்னபடியே, 1954 டிசம்பர் 23 இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோசப் மறே என்பார் ஒருகரு இரட்டையரிடையே இதனைச் செய்து வென்றார். சிறுநீரகம் வைத்த இடம் பாரிஸ்காரர் காட்டிய இடமே. பெற்றவர் எட்டாண்டு வாழ்ந்தார். மறேக்கு 1990 இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இரட்டையராய்ப் பிறவாத நோயாளர் எங்கே போவது? இக்கேள்வி குஸ் அவர்களை விடவில்லை. 1960 இல், பாரிஸை அடுத்த சுரேன் என்னுமூரின் ஃபொஷ் வைத்தியசாலையில் மீண்டும் தொடங்கினார். இம்முறை, உடலின் எதிர்ப்பைத் தணிக்கக் கதிர்வீச்சும், மேர்க்கப்தோபியூரின் என்னும் மருந்தும் கொடுத்தார். எதிர்ப்புத் தணிந்தால் கிருமிநோய் எளிதில் தொற்றும். ஒவ்வொரு நாளும் இவ்விரண்டு அபாயங்களுக்கும் நடுவே நோயாளரைக் காக்கவேண்டியிருந்தது. இரத்த உறவில்லாதார் ஈந்த சிறுநீரகத்தோடு சிலர் ஓராண்டுக்கு மேலும் வாழ்ந்தனர். ஓராண்டுதானா என்று இளைஞர் கேட்கலாம். முன்பு நாட்களை எண்ணிய வைத்தியர்களுக்கு அது யுகமன்றோ!

குஸ் 2006 இல் காலமானார். இன்று மருந்துகள் பலவாறு மாறிவிட்டன. வைக்கும் இடம் மட்டும் மாறவில்லை. பழைய சிறுநீரகங்களை என்ன செய்வர் என்று இங்குள்ள பெரியோர் சிலர் கேட்டனர். பெரும்பாலும் அவை இரண்டையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுகின்றனர். புதியது மூன்றாவதாக, அடிவயிற்றின் முன்புறத்தே, கையால் தொட்டறியக்கூடிய இடத்தில் இருந்து வேலை செய்கின்றது.