லயத்துக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எண்ணைக் கண்ணெனப் போற்றிய முன்னோரின் வழிவந்தவர் நாம் என்று மேடைதோறும் பேசுகின்றோம். ஆயினும் எமது ஊவா மலைத் தோட்டங்களில் கணக்கென்றால் நடுங்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! பிள்ளைக்குப் புத்தி போதாது என்பர் சிலர். பெற்றோருக்கு அக்கறையில்லை என்பர் வேறு சிலர். இவ்விரண்டையும் நாம் ஒப்புவதற்கில்லை.

கொழுந்து மடுவத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். காலையிலும் பகலிலும் அந்தியிலும் நிறுத்த கொழுந்தைத் தாய் மனத்திலேயே கூட்டி வைக்கிறாள். சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழியும், முழுப்பேர் விழ இன்னும் எத்தனை கிலோ வேண்டும் என்பதை அவள் யாரையும் கேட்பதில்லை. அரைப்பேர் என்றால் என்னவென்று அவள் பிள்ளையும் அறியும். அதே பிள்ளை, கரும்பலகையில் இரண்டில் ஒரு பங்கு என்று எழுதினால் திகைத்து நிற்கிறது. வீட்டிலே கணக்கு இருக்கிறது. பள்ளியிலும் கணக்கு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாலந்தான் இல்லை. அதைக் கட்ட வேண்டியவர் ஆரம்ப வகுப்பு ஆசிரியர். கட்டும் முறையை அவருக்குப் பயிற்ற வேண்டியது ஆசிரியப் பயிற்சி.

பெற்றோரைக் குறைகூறுமுன் வரலாற்றையும் எண்ண வேண்டும். 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பள்ளியின் பொறுப்பைத் துரைமாரிடம் விட்டது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் எம்மவர் லயங்களுக்கு அன்று எட்டவில்லை. 1977 முதற்கொண்டுதான் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. இப்படிப் பின்தள்ளப்பட்ட குடும்பத்தில், எழுத்தறியாத ஒரு தாயிடம் கொப்பியை நீட்டிக் கையொப்பம் கேட்டால் அவள் நாணுவாளேயன்றிப் பிள்ளைக்குக் கணக்கு வந்துவிடாது.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசன் நகரில் லூயிஸ் மோல் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் செய்த பணி, 1992இல் கட்டுரையாக வெளிவந்தது. அங்கே ஆசிரியர்கள் மெக்சிக்கோ வம்சத்துத் தொழிலாளர் வீடுகளுக்குப் புத்திமதி சொல்லப் போகவில்லை; கற்றுக்கொள்ளப் போனார்கள். ஒரு மாணவன் மிட்டாய் விற்பதை அறிந்த ஆசிரியை, மிட்டாயையே பாடமாக்கினார். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்யக் கற்பித்தார். மிட்டாய் அங்கே செய்த வேலையைக் கொழுந்து இங்கே செய்யாதா?

எமது நாட்டில் கல்வியியல் கல்லூரிப் பயிற்சி மூன்றாண்டு. இரண்டாண்டு விடுதியில் தங்கிக் கற்றபின், மூன்றாம் ஆண்டு பள்ளியொன்றில் பயிற்சி. பத்தனை ஸ்ரீபாத கல்லூரியிலிருந்து எமது மலைகளுக்கு ஆசிரியர்கள் வருகின்றார்கள். அந்த மூன்றாம் ஆண்டிலே மூன்று பழக்கங்கள் ஊன்றப்பட வேண்டும் என்பது எமது விண்ணப்பம்.

முதலாவது, லயத்துக்குப் போய்க் கேட்பது. ஒரு நேரச் சோற்றுக்கு எத்தனை சுண்டு அரிசி, தோட்டத்தில் எத்தனை வரிசை கோவா, கடையில் எவ்வளவு கடன் என்று அறிந்து குறித்துக்கொள்ள வேண்டும். கடனைப் பற்றிக் கேட்டதை வெளியே சொல்லாதிருக்கவும் வேண்டும்.

இரண்டாவது, எழுத்தறியாத தாயும் செய்யத்தக்க வீட்டுவேலை கொடுப்பது. "அம்மா இன்று மூன்று தரமும் எடுத்த கொழுந்து எவ்வளவு? நேற்றைவிடக் கூடவா, குறைவா?" என்று பிள்ளை கேட்கட்டும். தாய் வாயால் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது, நேரமறிந்து அழைப்பது. வேலை நாளில் காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தால், வரும் தாய்க்கு ஒரு நாட் பேர் போய்விடும். வராதவளை அக்கறையற்றவள் என்று சொல்வது நியாயமா? ஞாயிறு மாலையிலோ, கோயில் திருவிழாவை ஒட்டியோ கூடினால் அவள் வருவாள்.

வாலிப அன்பர்களே! இங்குதான் உங்கள் பங்கு வருகிறது. கோயில் மண்டபத்தைத் திறந்து வையுங்கள். புது ஆசிரியரை லயத்துக்கு அழைத்துச் சென்று, "இவர் நம்ம பிள்ளைகளின் வாத்தியார்" என்று அறிமுகம் செய்யுங்கள்.

இது பரீட்சைப் புள்ளிக்காக மட்டுமன்று. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 100க்கு 8 பிடிக்கப்படுகிறது. தொழில் கொடுப்போர் 12 சேர்க்க வேண்டும். தாயின் சம்பளச் சீட்டில் அந்த எட்டைப் பார்த்து, சேர வேண்டிய பன்னிரண்டையும் கணக்கிட்டுச் சொல்லும் பிள்ளை ஒன்று லயத்துக்கு லயம் உண்டாகுமாயின், எம்மவரை எவரும் எளிதில் ஏய்க்க இயலாது. அந்நாள் விரைவில் வர எல்லாம்வல்ல முருகப்பெருமான் அருள்புரிவாராக என வேண்டி அமைகின்றோம்.