இர்வெல் ஆற்றங்கரையில் ஒரு பழைய புகையிரத நிலையம்

இங்கிலாந்து தேசத்து மான்செஸ்டர் நகரிலே, இர்வெல் ஆற்றுக்கு அண்மையில், லிவர்பூல் வீதி என்றொரு வீதி உண்டு. அவ்வீதியில் இரண்டு மாடிக் கட்டடமொன்று ஆரவாரமின்றி நிற்கின்றது. இரு பெருநகரங்களை நீராவி எந்திரத்தால் இணைத்த முதற் புகையிரதப் பாதையின் முனைநிலையம் அதுவே. 1830ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அந்நிலையம் இன்றும் நிலைத்திருப்பதற்கு அதன் பெருமை காரணமன்று. உலகம் அதனை நெடுங்காலம் மறந்திருந்தமையே காரணம் எனலாம்.

புகையிரதம் வருவதற்கு முன்னர் ஆறே அந்நகரின் பெருவழியாக விளங்கிற்று. 1721ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி மேர்சி, இர்வெல் என்னும் இரு ஆறுகளும் படகு செல்லத்தக்கனவாகத் திருத்தப்பட்டன. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சுப் பொதிகள் ஆற்றுவழியாகவும் கால்வாய்வழியாகவும் மான்செஸ்டர் ஆலைகளை அடைந்தன. தாமதமும் அதிக கூலியும் வணிகரை வருத்தவே, அவர்கள் இருப்புப்பாதையை நாடினர். நீர்வழிக்கு உரியவர்கள் விட்டுக்கொடுப்பார்களா? அவர்தம் எதிர்ப்பினாலும், நில அளவையிற் காணப்பட்ட பிழைகளாலும், 1825இல் பாராளுமன்றத்தில் மசோதா தோல்வியுற்றது. மறுவருடமே அனுமதி கிடைத்தது.

ஆற்றைக் கற்பாலத்தாற் கடந்து உயரத்தில் வந்த பாதை, தரைக்கு இறங்காமல் நிலையத்தின் மேல்மாடியிலேயே சேர்ந்தது. பயணிகள் வீதிமட்டத்திற் சீட்டுப் பெற்றுப் படியேறினர். முதலாம் வகுப்பினருக்கும் இரண்டாம் வகுப்பினருக்கும் வாயில்கள் வெவ்வேறு. எதிரே நின்ற பண்டகசாலையிலும் இவ்வாறே வண்டித் தொடரின் சரக்கு மேல்தளத்திற் புகுந்து, கீழே வீதிவழியாக வெளியேறிற்று.

1830 செப்டெம்பர் 15ஆம் நாள் திறப்பு விழா. லிவர்பூலின் பாராளுமன்றப் பிரதிநிதி ஹஸ்கிசன், பார்க்சைட் என்னுமிடத்தில் வண்டியினின்றும் இறங்கியவேளை, 'ரொக்கெட்' எந்திரம் மோதி, அன்றிரவே உயிர்நீத்தார். மான்செஸ்டரிலோ, அரசியற் சீர்திருத்தத்தை வேண்டிய மக்கள் பிரதம மந்திரி வெலிங்டன் கோமகனைச் சினத்துடன் எதிர்கொண்டனர். அவர் வண்டியைவிட்டு இறங்கவேயில்லை.

பதினான்கு ஆண்டுகள் நிறையுமுன், 1844 மே மாதத்தில், பயணிகள் வேறொரு புது நிலையத்துக்கு மாறினர். பழைய நிலையம் சரக்குகளுக்கென ஒதுக்கப்பட்டது. பயணிகள் பெருகியிருந்தால் அதனை இடித்து விரித்திருப்பர். சரக்குக்கோ பழைய சுவர்களே போதுமானவையாயிருந்தன.

ஆயினும், மறதி எக்காலமும் காவலாகாது. பாதையின் லிவர்பூல் முனையில் இருந்த இணைநிலையமும் சரக்குக்கே விடப்பட்டது. அதன் கட்டடம் இன்று இல்லை. மான்செஸ்டரிலும் 1975இல் சரக்குப் போக்குவரத்து நின்றபின், கவனிப்பாரின்றேல் அக்கதியே நேர்ந்திருக்கும். அன்பர் பலர் முயன்றமையால் 1983இல் அவ்விடம் நூதனசாலையாயிற்று.

2017இல் ஆற்றின்மீது புதிய இணைப்புப் பாலம் எழுந்தபோது, பழைய நிலையத்துக்கும் பெரும் பாதைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. பழைய கற்பாலம் மட்டும் இர்வெல்லின்மேல் இன்றும் நிற்கின்றது. பழம்பொருளை ஒரு காலம் மறதி காக்கலாம். பின்னர் அதனைக் காக்கவேண்டியது மனிதரின் நினைவேயாகும்.