பூட்டும் பொதுவும்
(அரவேணுவில் நிகழ்த்தப்பட்ட இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'உலகில் யாரும் நுழைய முடியாத இடங்கள்' என்று பட்டியல் போடுவது இன்று பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அந்தமானின் வடக்கு சென்டினல் தீவு அதில் கட்டாயம் இருக்கும். பிரான்சின் லாஸ்கோ குகையும் இருக்கும். பல்லாயிரம் ஆண்டுப் பழமையான குகை ஓவியங்கள் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் கெடத் தொடங்கியதால் 1963-ல் அதை மூடினார்கள். சென்டினல் தீவை மூடியது அங்கே வாழும் மக்களைக் காப்பதற்கு. வெளியாரின் நோய் அவர்களைத் தாக்கும். வெளியார் வருவதை அவர்களும் விரும்பவில்லை. இப்படி மூடுவதில் நமக்குச் சண்டை கிடையாது. யார் மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே விதி.

அந்தப் பட்டியல்களில் நம் ஊர்த் தெருக்கள் வருவதில்லை. 'உள்ளே வராதே' என்ற பலகை அங்கே இல்லை. சட்டப்படி அவை திறந்தே இருக்கின்றன. ஆனாலும் எந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டும், எந்தக் கோவிலில் எந்தப் படியோடு நின்றுவிட வேண்டும் என்பது பிறந்த ஐந்தாறு வயதிலேயே நம் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதைப் பேச இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் இளமையில் கணக்கராக வேலை பார்த்தது இந்த நீலகிரியில்தான். பண்டிதர் அயோத்திதாசரும் இங்கே வாழ்ந்தவர். பின்னாளில் சென்னைச் சட்டசபையில் உறுப்பினரான தாத்தா, 1924-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியாரும் பொதுச் சாலையில், பொதுத் தெருவில் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை யாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசு ஆணையும் வந்தது. மனிதன் தெருவில் நடப்பதற்கு ஓர் அரசாணை தேவைப்பட்டது! அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள சாலையில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது.

அந்தத் தீர்மானத்தின் உயிர் 'பொது' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. பொது என்றால் நாமும் சேர்ந்ததுதான் என்று அரசை ஒப்புக்கொள்ள வைத்தார் தாத்தா. அதற்கு எதிர்த்தரப்பு என்ன செய்தது என்பதைத்தான் இன்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். 'நீ வராதே' என்று சொல்ல முடியாமல் போனபோது, 'இது பொதுவே இல்லை' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

மகாடைப் பாருங்கள். அங்கே சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சியே தீர்மானம் போட்டிருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சென்று தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். உடனே குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். அதே ஆண்டு நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. அடுத்து வழக்கு. அந்த வழக்கில் சாதி இந்துக்களின் வாதம், அது பொதுக்குளமே அல்ல, தனியார் குளம் என்பது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அம்பேத்கர் வென்றது 1937-ல். ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்!

தனியார் என்று சொல்வது ஒரு வழி. இன்னொரு வழி, எல்லோருக்கும் சேர்த்துப் பூட்டிவிடுவது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் சென்ற தலித் இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். அதே ஜூன் மாதம் அதிகாரிகள் கோவிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் நீதிமன்ற ஆணையால் கதவு திறந்தது, பூசைக்கு மட்டும். மக்கள் உள்ளே போகக் கூடாது. 2025 ஏப்ரலில்தான் நம் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே சென்று கும்பிட முடிந்தது.

'சட்டம் ஒழுங்குக்காக இரு தரப்புக்கும் பூட்டினோம், இதில் பாகுபாடு எங்கே?' என்று கேட்பார்கள். அமெரிக்காவிலும் இதைத்தான் கேட்டார்கள். மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே நீச்சல் குளத்தில் குளிக்கலாம் என்ற நிலை வந்ததும், நகராட்சி குளங்களை மூடியது. இருவருக்கும்தானே மூடியது என்று சொல்லி, 1971-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. கறுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஐந்தாண்டுப் படிப்பு போனது. பூட்டு எல்லோருக்கும் ஒன்றுதான், இழப்பு ஒன்றல்ல. ஏற்கெனவே கோவில் உள்ளவனுக்கு ஒரு கோவில் மூடினால் வருத்தம். ஒருநாளும் உள்ளே போகாதவனுக்கு அது மீண்டும் ஒரு தோல்வி.

இப்போது நம் மலைக்கு வருவோம். இங்கே கோவில் கதவைவிட எஸ்டேட் கேட்தான் பெரிது. கொடநாட்டில் எஸ்டேட் வழியே செல்லும் பாதைக்காக ஊர் மக்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காட வேண்டியிருந்தது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்தவர்களுக்காக 1968-ல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் டான்டீ. நம் தாய் தந்தையர் காட்டைத் திருத்தி, கன்று நட்டு வளர்த்த தோட்டங்கள் அவை. 2022-ல் அதில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டது. காடு வளரட்டும், யானைக்கு வழி கிடைக்கட்டும். ஆனால் வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டைக் காலி செய் என்று கேட்கப்படும் குடும்பம் எந்தப் பக்கம் நிற்பது? எஸ்டேட்டும் அவர்களுடையதல்ல, காடும் அவர்களுடையதல்ல. இரண்டு பக்கமும் கேட்.

ஒன்றைக் கவனியுங்கள். மூடிய இடங்களுக்குள் நாம் போகாமல் இல்லை. வெள்ளைக்காரர்களுக்காகத் தொடங்கிய ஊட்டி கிளப்பானாலும், யாரையும் விடாத பங்களாவானாலும், கூட்டவும் கழுவவும் நம் ஆட்கள் தினமும் உள்ளே போகிறார்கள். வேலைக்கு என்றால் பின்வாசல் திறக்கிறது. நமக்கென்று முழுதாகத் திறந்து வைத்திருக்கும் இடமும் ஒன்று உண்டு. அது மலக்குழி. அங்கே நுழைய யாரும் போட்டிக்கு வருவதில்லை. மலமள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதை 2013 சட்டம் தடை செய்தது. மலக்குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. மனிதன் நுழையவே கூடாத இடம் என்று உலகப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.

ஆகவே 'எங்களையும் உள்ளே விடுங்கள்' என்ற கோரிக்கையோடு நாம் நின்றுவிடக் கூடாது. சாவி யாரிடம் இருக்கிறது, எதைப் பொது என்று தீர்மானிப்பது யார் என்று கேட்க வேண்டும். அனுமதி கொடுத்தவன் நாளை திரும்பப் பெறுவான். மகாட் நகராட்சி அதைத்தான் செய்தது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வண்டிப்பாதை, சுடுகாடு, ஓடை என்று புறம்போக்காகப் பதிவான ஒவ்வொரு இடத்துக்கும் கால்நடையாகப் போய் வாருங்கள். எங்கே வேலி நிற்கிறது, எங்கே கேட் நிற்கிறது என்று தேதியோடு குறித்து வையுங்கள். பொதுப்பாதையையும் சுடுகாட்டையும் நீர்நிலையையும் வழிபாட்டு இடத்தையும் பயன்படுத்த விடாமல் தலித்துகளையும் பழங்குடிகளையும் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். பிரிவு 3(1)(இசட்ஏ) என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காகிதம் கையில் இல்லாமல் அந்தப் பிரிவு பேசாது.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரின் வழிபாட்டு இடங்களுக்குள் சுற்றுலா என்ற பெயரில் கேட்காமல் நுழைபவர்களையும் நாம்தான் தடுக்க வேண்டும். தன் வீட்டை மூடிக்கொள்ளும் உரிமையும் ஊர்ப் பொதுவைத் திறக்கச் சொல்லும் உரிமையும் ஒரே மானத்திலிருந்து பிறந்தவை.

தாத்தா பெற்றுத் தந்த ஆணைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அது இன்னும் செல்லும். அதை நடந்து காட்டுகிற கால்கள்தான் வேண்டும். ஜெய்பீம்.