ஏட்டு மின்சாரம்

வைத்திய சாஸ்திரம் பயில்கிறவனுக்கு அறுத்துப் பார்க்கப் பிரேதம் கிடைக்கிறது. ரசாயனம் பயில்கிறவனுக்குச் சோதனைக் குழாய் கிடைக்கிறது. ஒரு தேசத்தின் மின்கட்டமைப்பைப் பயில்கிறவனுக்கோ, தான் ஆராய விரும்பும் பொருளைத் தொட்டுப் பார்க்கும் பாக்கியமே இல்லை. இந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்ற ஆவலில் எவனாவது ஓர் உயரழுத்த மின்தொடரைத் துண்டித்துப் பார்க்கப் புறப்பட்டால், ஆஸ்பத்திரியில் சிகிச்சை மேஜையின் மீது கிடப்பவரும், மாவு மில்லில் தூக்குடன் வரிசையில் நிற்பவரும் அவனைச் சும்மா விடமாட்டார்கள். ஆகவே இந்தத் துறையினர் ஆதிமுதலே ஒரு நிழலை வைத்துக்கொண்டுதான் நிஜத்தை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். 1929-இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு மின்கட்டமைப்பையே பொம்மை அளவுக்குச் சுருக்கி, ஓர் அறைக்குள் அமைத்து, அதில் மின்னோட்டத்தை அளந்து பார்த்தார்கள். கம்ப்யூட்டர் வந்தபின் அந்த அறையும் கணிதத்துக்குள் கரைந்துவிட்டது.

அந்தக் கணிதத்தை விலைகொடுத்து வாங்கும் மென்பொருளாக மட்டுமே வைத்திராமல், யாரும் எடுத்துப் பிரித்துப் படிக்கும்படி வெளியிட்டவற்றுள் மேட்பவர் என்பது ஒன்று. நியூயார்க் மாகாணத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில், மின்சாரத்தை ஏலச் சந்தையில் விற்றால் எப்படியிருக்கும் என்று பரிசோதிக்கும் ஒரு திட்டத்தின் தேவைக்காகப் பிறந்து, 1997-இல் பொதுவில் வெளிவந்த இதனை, விலையில்லாத ஆக்டேவ் என்னும் கணித மென்பொருளின் துணையோடு சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓட்டலாம்.

இதனுள் உதாரணமாக வைத்திருக்கும் கட்டமைப்புகளில் ஒன்று, 1962 பிப்ரவரியில் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் இருந்த ஒரு மின்கம்பெனியின் கட்டமைப்பில் ஒரு துண்டு. 14 சந்திகள், 20 இணைப்புகள், மொத்தச் சுமை 259 மெகாவாட். ஐந்து இடங்களில் யந்திரங்கள் இருந்தாலும், மெய்யாக மின்சாரம் ஊட்டுபவை இரண்டே. அறுபது ஆண்டுகளுக்கு முன் எந்தெந்த ஊர்களில் விளக்கெரித்ததோ, அந்தத் துண்டு இன்று உலகெங்கும் மாணவர்களின் மேஜையில் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. பென்ஷன் இல்லாத உத்தியோகம்!

முதற்சந்தியிலிருந்து புறப்படுவது 232 மெகாவாட். இரண்டாம் சந்தியில் 40. இரண்டையும் கூட்டிச் சுமையைக் கழித்தால் மிஞ்சும் 13 மெகாவாட், கம்பிகளில் சூடாகிக் கழியும் இழப்பு. எந்தக் கம்பியில் எவ்வளவு ஓடும் என்ற கணக்கை நேரடியாகப் போட்டுவிட முடியாது. ஒரு சந்தியின் மின்னழுத்தம் மற்றவற்றையும், மற்றவற்றின் மின்னழுத்தம் இதையும் சார்ந்திருப்பதால், முதலில் உத்தேசமாக ஒரு விடையை வைத்து, எங்கே கணக்கு உதைக்கிறது என்று பார்த்து, திருத்தித் திருத்தி நெருங்க வேண்டும். நியூட்டனின் பெயர் கொண்ட முறை மூன்று நான்கு திருத்தங்களில் கரை சேர்த்துவிடுகிறது.

இனி, நிஜத்தில் செய்யத் துணியாததை இங்கே செய்வோம். முதற்சந்தியிலிருந்து வெளியே போக இரண்டே வழி. ஒன்று இரண்டாம் சந்திக்கு, மற்றொன்று ஐந்தாம் சந்திக்கு. முன்னதில் சுமார் 157, பின்னதில் சுமார் 75 மெகாவாட் ஓடுகிறது. இணைப்புகளின் அட்டவணையில் பதினோராம் பத்தியில் ஒவ்வொரு கம்பிக்கும் 1 என்று எழுதியிருக்கும். முதல் வரியில் அந்த 1-ஐ அழித்து 0 என்று எழுதினால் 157 மெகாவாட் வழி அறுந்தது. இப்போது அத்தனையும் ஐந்தாம் சந்திக்குப் போகும் ஒற்றைக் கம்பியில் பாய்ந்தாக வேண்டும். ஓட்டம் மூன்று மடங்குக்கும் மேல். சூடாகிக் கழிவதோ, ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், ஒன்பது மடங்குக்கும் மேல்.

அந்தக் கம்பி இதைத் தாங்குமா என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தாங்கும் வரம்பு எழுத வேண்டிய ஆறாம் பத்தியைத் திறந்து பார்த்தால், அங்கே மெய்யான வரம்பு எதுவுமில்லை. 1962-ஆம் ஆண்டுத் தகவலிலேயே அது கிடையாது. பழைய தகவலைத் திரட்டி வைத்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரும் இதை ஒளிக்காமல் குறித்திருக்கிறார்கள். பூட்டிய பெட்டியாக வரும் மென்பொருளில் இதே கணக்கைப் போட்டு, "எச்சரிக்கை ஏதுமில்லை" என்ற விடையைப் பெற்ற ஒருவன், கம்பி தாங்கியதால் எச்சரிக்கை வரவில்லையா, வரம்பே எழுதாததால் வரவில்லையா என்று எப்படிப் பிரித்தறிவான்? விலையில்லாமல் கிடைப்பதை இத்தகைய மென்பொருள்களின் பெருமையாகப் பலர் பேசுகிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். ஆறாம் பத்தி கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்காகவே இதை நான் மதிக்கிறேன்.

கவனமுள்ள மாணவன் அந்த இடத்தில் தான் நியாயமென்று கருதும் ஒரு வரம்பை எழுதி, அதைத் தான் எழுதியதாகவே பக்கத்தில் குறித்துவிட்டு, கணக்கை மறுபடி ஓட்டுகிறான்.