ஒரு தொடருக்கு ஒரு சொல்



நீண்ட விளக்கத்துக்கு ஈடாக நிற்கும் ஒற்றைச் சொற்களைக் கொண்டு ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்குவது எப்படி என்பது இன்று எனக்கு அளிக்கப்பட்ட பொருள். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்கு இது பழகிய பாடமே. இடப்பக்கம் ஒரு தொடர், வலப்பக்கம் ஒரு சொல். ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல் ‘ஆட்டோபயோகிராபி’. படித்தறிய இயலாத கையெழுத்து ‘இல்லெஜிபிள்’. இவ்வாறு நூறு, இருநூறு சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் அவற்றுள் பல மறைந்துவிடுகின்றன. ஏன் மறைகின்றன?

பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, ‘புலி ஒரு ஃபேட்டல் விலங்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள். பட்டியலில் அச்சொல்லுக்கு ‘உயிரைப் போக்கக்கூடியது’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. புலியும் உயிரைப் போக்கும் அல்லவா? அவள் சிந்தனையில் குறையில்லை. ஆயினும், ஆங்கிலேயர் அச்சொல்லை விபத்து, காயம், நோய், தவறு போன்றவற்றோடு சேர்ப்பார்களே அன்றி விலங்கோடு சேர்ப்பதில்லை. பட்டியல் சொல்லின் பொருளைத் தந்தது. அதன் சுற்றத்தைத் தரவில்லை. அந்தப் பட்டியலை அவள் கையில் கொடுத்தவன் நான். ஆகவே பிழையும் என்னுடையதே.

ஒற்றைச் சொல்லை நாம் தொடரின் சுருக்கம் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு கருத்துக்கு இடப்பட்ட பெயர். ஒரு சமுதாயம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பேச நேரும்போதுதான் அதற்குப் பெயர் பிறக்கிறது. இரண்டு சான்றுகளைக் காண்போம்.

‘சையன்டிஸ்ட்’ என்னும் சொல்லை நியூட்டன் தம் வாழ்நாளில் கேட்டதில்லை. அக்காலத்தில் அத்தகையோரை ‘இயற்கைத் தத்துவவாணர்’ என்று பொருள்படும் தொடரால் குறித்தனர். வேதியியல், இயற்பியல் என்று துறைகள் பிரிந்து வளர்ந்தபோது அவர்கள் அனைவரையும் ஒன்றாகச் சுட்ட ஒரு பெயர் வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹூவெல், ‘ஆர்ட்டிஸ்ட்’ என்னும் சொல்லை ஒட்டி இப்பெயரை அமைத்தார். 1834இல் வெளிவந்த ஒரு நூல் மதிப்புரையில் அது அச்சேறியது.

இரண்டாவது சான்று துயரமானது. ஓர் இனத்தையே திட்டமிட்டு அழிக்கும் கொடுமை வரலாற்றில் பழையது. அதற்கெனத் தனிப்பெயர் இல்லை. போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின், இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொல்லுதலைக் குறிக்கும் இலத்தீன் கூற்றையும் இணைத்து, 1944இல் வெளியான தம் நூலில் ‘ஜெனசைடு’ என்று பெயரிட்டார். 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அக்குற்றத்தைத் தடுப்பதற்கும் தண்டிப்பதற்குமான உடன்படிக்கையை ஏற்றது. பெயர் பெற்ற குற்றம் நான்கே ஆண்டுகளில் சட்டத்துக்குள் வந்தது. ஒரு சொல்லின் ஆற்றலுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

எல்லா மொழிகளும் ஒரே இடத்தில் பெயரிடுவதில்லை. ஆங்கிலத்தின் ‘சிப்லிங்’ மூத்தவர், இளையவர் என்றோ ஆண், பெண் என்றோ பிரிப்பதில்லை. மலாய் மொழியின் ‘ஆடிக்’ இளையவர் என்று மட்டும் காட்டும். நம் தம்பியும் தங்கையும் இரண்டையும் காட்டும். பிள்ளைகளின் திருமணத்தால் உறவான பெற்றோரை நாம் சம்பந்தி என்கிறோம். மலாய்க்காரர் ‘பெசான்’ என்கிறார்கள். ஆங்கிலேயரோ ஒரு தொடரால் விளக்குகிறார்கள். ஆகவே, தமிழில் ஒரு சொல் இருந்தால் ஆங்கிலத்திலும் ஒரு சொல் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும், அதன் மறுதலையும் தவறாகும்.

அப்படியானால் எவ்வாறு கற்பிப்பது? என் பட்டறிவில் கண்ட மூன்று வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். ‘ஆட்டோ’ தன்னைக் குறிக்கும், ‘பயோ’ வாழ்க்கையை, ‘கிராபி’ எழுதுதலை. நம் ‘தன்வரலாறு’ என்னும் சொல்லை அருகில் எழுதினால், இரு மொழிகளும் ஒரே முறையில் சொல்லைக் கட்டியிருப்பதை மாணவர் காண்பர். ‘சைடு’ என்னும் ஈறு கொலையைக் குறிப்பது என்று அறிந்த மாணவர், பூச்சிக்கொல்லி மருந்தின் புட்டியிலும் அதைக் கண்டுகொள்வார்.

இரண்டாவது, சொல்லைத் தனியே தராதீர்கள். அது இயல்பாகச் சேரும் இரண்டு மூன்று சொற்களோடு தாருங்கள். புலியைப் பற்றி எழுதிய அந்த மாணவிக்கு நான் செய்யத் தவறியது இதுவே.

மூன்றாவது, திரும்பும் பயிற்சி தேவை. தொடரிலிருந்து சொல்லுக்கு வந்த மாணவர், அச்சொல்லிலிருந்து மீண்டும் தம் சொந்தத் தொடருக்குச் செல்லட்டும். அதைத் தமிழிலும் விளக்கட்டும். விளக்க முடிந்த சொல்லே அவருக்கு உரிமையான சொல்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒற்றைச் சொல் எல்லா இடத்திலும் சிறந்ததன்று. முதியவர் ஒருவரிடம் மருத்துவர் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்று சொல்லி நிறுத்தினால் அவர் விழிப்பார். ‘உங்கள் இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது’ என்றால் தெளிவார். கேட்பவர் அறிந்த சொல்லே சுருக்கம். அறியாத சொல் சுவர். எந்த இடத்தில் சொல், எந்த இடத்தில் தொடர் என்று தேர்ந்து வழங்குவதே உண்மையான சொல்வளம். அவ்வளம் உங்கள் அனைவருக்கும் வாய்க்க வாழ்த்தி அமைகிறேன்.